ஒரே குழுவுக்கு இரண்டு உடன்படிக்கைகள்: ஓர் இறுதியாண்டு புராஜெக்ட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 ஜூலையில் தொடங்கி 2024 ஏப்ரலில் முடிந்த நிகழ்வு இது. கொங்குப் பகுதியில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரி. மின்னணுவியல் துறையில் நான்கு பேர் கொண்ட இறுதியாண்டு புராஜெக்ட் குழு ஒன்றுக்கு நான் கைடு. பெயர்கள் வேண்டாம் என்பதால் நால்வரையும் அவர்கள் பார்த்த வேலையை வைத்தே குறிப்பிடுகிறேன்.

குழுவைத் துறைதான் பிரித்தது. மதிப்பெண் பட்டியலில் மேலே, நடுவே, கீழே இருப்பவர்களைக் கலந்து போடுவது எங்கள் வழக்கம். அதனால் இவர்கள் நண்பர்கள் இல்லை. மூன்று வருடம் ஒரே வகுப்பில் இருந்தவர்கள், அவ்வளவுதான். கோடு (அதாவது கருவியின் புரோகிராம்) எழுதிய மாணவி பெண்கள் விடுதியில் இருந்தார். அங்கே மாலை 6:30-க்கு கேட் மூடிவிடும். சர்க்யூட் பார்த்த மாணவரும் மொபைல் ஆப் செய்த மாணவரும் ஆண்கள் விடுதி. அங்கே இரவு 9 மணி வரை வெளியே போகலாம், அதற்குப் பிறகும் அறைக்குள் சாலிடரிங் அயர்ன் சூடாகவே இருக்கும். நான்காமவர் தினமும் கிராமத்திலிருந்து வந்துபோகும் மாணவி. 4:40 கல்லூரி பஸ்ஸை விட்டால் அவர் வீட்டுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். அவருடைய அப்பாவின் கத்தரித் தோட்டத்தில்தான் கருவியைச் சோதிப்பதாக இருந்தது. அவரைத் தோட்டத்து மாணவி என்கிறேன்.

கருவி எளிமையானது. மண்ணின் ஈரத்தை ஒரு சென்சார் அளக்கும். மண் காய்ந்திருந்தால் மட்டும் சொட்டுநீர்க் குழாயின் வால்வு திறக்கும். அளவுகள் வைஃபை வழியாக மொபைலுக்குப் போகும். மூளையாக இருப்பது ஈஎஸ்பி32 போர்டு. இந்த போர்டைப் பற்றிய ஒரு சின்ன விவரம் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

ஜூலை: முதல் உடன்படிக்கை

மேலாண்மைப் பாடங்களில் டீம் சார்ட்டர் என்று ஒன்று வரும். குழு வேலையைத் தொடங்கும்போதே, எதற்காகக் கூடியிருக்கிறோம், யார் எதைச் செய்வது, எப்படி முடிவெடுப்பது, சண்டை வந்தால் என்ன செய்வது என்று உறுப்பினர்களே எழுதி ஒப்புக்கொள்ளும் தாள். 2017-ல் வந்த, பிஎம்பாக் என்ற திட்ட மேலாண்மைக் கையேட்டின் ஆறாம் பதிப்பு இதைத் திட்ட மேலாண்மையின் ஆவணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எம்பிஏ மாணவர்களின் 32 குழுக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-ல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு சைக்காலஜி இதழில் வந்தது. நல்ல சார்ட்டரும் நல்ல வேலைத்திட்டமும் இரண்டும் சேர்ந்திருந்த குழுக்களே தொடர்ந்து முன்னேறின என்பது அதன் முடிவு. 'இரண்டும் சேர்ந்து' என்ற பகுதியை நான் சரியாகக் கவனிக்கவில்லை. சார்ட்டர் எழுதினால் போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வாரத்திலேயே இணையத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டது. அழகாக டைப் செய்த இரண்டு பக்கம், அடியில் நான்கு கையெழுத்து. ஒருவரை ஒருவர் மதிப்போம், நேரம் தவற மாட்டோம், ஒளிவுமறைவின்றிப் பேசுவோம் என்கிற மாதிரியான வாக்கியங்கள். குழுத்தலைவர் என்ற இடத்தில், மதிப்பெண் அதிகம் என்பதால், கோடு எழுதிய மாணவியின் பெயர் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன். அதைப் படித்தது அந்த ஒரு முறைதான். அவர்கள் அந்த அளவுகூடப் படிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆப் மாணவர் வேறொரு குழுவின் தாளை வாங்கிப் பெயர்களை மட்டும் மாற்றியிருந்தார்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை: கவனித்தவை

முதல் ரிவ்யூ நன்றாகவே போனது. படம் போட்டுக் காட்டும் ரிவ்யூவில் எல்லாக் குழுவும் நன்றாகத்தான் போகும்.

செப்டம்பரில் சில அறிகுறிகள் தெரிந்தன. புதன், வெள்ளி மதியம் புராஜெக்ட் நேரம். நால்வரும் லேபில் இருப்பார்கள். ஆனால் பேச்சு இருக்காது. ஏதாவது கேட்டால் இரண்டு மாணவிகளும் மாணவர்களைப் பார்ப்பார்கள். 'அது நேத்து நைட்டே மாத்திட்டோம் சார்' என்பது அடிக்கடி வந்த பதில். அந்த 'டோம்'-இல் எத்தனை பேர் அடக்கம் என்று நான் அன்று கேட்டிருக்க வேண்டும்.

ஆப் மாணவருக்கு அந்த மாதமே வேலை உறுதியாயிற்று. சென்னையில் ஜனவரி முதல் இன்டர்ன்ஷிப். பிறகு அவர் வேகம் குறைந்தது. இதுவும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, யாரும் வாய் திறக்கவில்லை.

பணம் இன்னொரு பக்கம். மாணவிகள் இருவரும் தொடக்கத்தில் தலா 500 ரூபாய் கொடுத்திருந்தார்கள். போர்டு, சென்சார், ரிலே (வால்வை இயக்கும் மின் சுவிட்ச்), வால்வு, ஒருமுறை புகைந்துபோன அடாப்டர் என்று சர்க்யூட் மாணவரின் கையிலிருந்து அதற்கு மேல் சுமார் 1,800 ரூபாய் போயிருந்தது. கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. கேட்கவும் அவருக்குக் கூச்சம். 'இவங்க ரெண்டு பேரும் ஃப்ரீயா மார்க் வாங்குறாங்க' என்று விடுதியில் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவிகளோ, 'நம்ம காசை என்ன பண்ணாங்கன்னே தெரியல' என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேச்சும் என் காதுக்கு வந்தது பிரச்சினை வெடித்த பிறகு.

அக்டோபர்: முறிவு

இரண்டாவது ரிவ்யூவுக்கு நான்கு நாள் முன்பு கருவி நின்றுபோனது. சென்சார் தரும் எண் அசையவில்லை. மண் காய்ந்திருந்தாலும் அதே எண், தண்ணீர் ஊற்றினாலும் அதே எண். கோடு எழுதிய மாணவி இரண்டு நாள் தன் புரோகிராமை வரி வரியாகத் தேடினார். சர்க்யூட் மாணவர் தன் பக்கம் தவறே இல்லை என்றார். அவர் எழுதிய சின்ன சோதனை புரோகிராமில் அதே சென்சார் ஒழுங்காக வேலை செய்தது. அதையும் கண் முன்னே காட்டினார். அதாவது தனித்தனியாக இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

காரணம் இதுதான். ஈஎஸ்பி32-இல் அனலாக் அளவை, அதாவது சென்சார் தரும் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை, படிக்கும் பகுதி இரண்டு. முதலாவது 32 முதல் 39 வரையிலான பின்களோடு (போர்டில் வயர் இணைக்கும் எண்ணிட்ட கால்களோடு) சேர்ந்தது. இரண்டாவது 4, 25, 26, 27 போன்ற பின்களோடு சேர்ந்தது. இந்த இரண்டாவது பகுதியை வைஃபையும் பயன்படுத்திக்கொள்ளும். வைஃபை ஓடும்போது அந்தப் பின்களில் அனலாக் அளவை நம்பிப் படிக்க முடியாது. கோடு எழுதிய மாணவி இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் ஆகஸ்டிலேயே சென்சாரை 34-ஆம் பின்னுக்கு ஒதுக்கியிருந்தார். ஒரு இரவு, 34-இல் சாலிடர் சரியாக ஒட்டவில்லை என்று சர்க்யூட் மாணவர் வயரை 25-க்கு மாற்றினார். கூட இருந்த ஆப் மாணவர் புரோகிராமிலும் எண்ணை மாற்றிவிட்டார். வைஃபை இல்லாமல் சோதித்தார்கள், வேலை செய்தது, படுத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் 'பின் மாத்தியாச்சு, ஓகே' என்று இரவு 11:50-க்கு ஒரு செய்தி. எந்தப் பின், ஏன் என்று இல்லை. காலையில் அதற்கு மேல் நாற்பது செய்தி வந்து விழுந்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் லேபிலேயே வாக்குவாதம். 'லீடர்னு பேர் மட்டும் எனக்கு, முடிவெல்லாம் உங்க ரூம்ல' என்றார் கோடு எழுதிய மாணவி. 'அப்போ நைட்டு வந்து வேலை செய்' என்றார் சர்க்யூட் மாணவர். அந்தப் பதிலுக்குப் பிறகு லேபில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சொன்னவருக்கே அது எவ்வளவு அபத்தம் என்று உறைத்திருக்க வேண்டும். ஃபைலில் இருந்த உடன்படிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'ஒளிவுமறைவின்றிப் பேசுவோம்' என்ற வரி இந்தச் சண்டையில் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

ரிவ்யூவை ஒரு வாரம் தள்ளிவைக்க அனுமதி வாங்கினேன். வயரை 34-க்குத் திருப்ப பத்து நிமிடம்தான் ஆனது. அதோடு விட்டிருந்தால் அடுத்த சண்டை வேறு பின்னில் வந்திருக்கும்.

வெள்ளி மதியம் நால்வரையும் உட்கார வைத்தேன். ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு. நேருக்கு நேர் சொல்ல முடியாததை எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றேன். கையெழுத்து தெரியாமல் இருக்க நானே வாசித்தேன். பன்னிரண்டு சீட்டில் ஐந்து பணத்தைப் பற்றி. மூன்று இரவு வேலையைப் பற்றி. ஒன்றில், 'இன்டர்ன்ஷிப் போனதும் இவன் வர மாட்டான், எல்லாருக்கும் தெரியும்' என்று இருந்தது. ஒன்றில் 'ரிவ்யூவில் எப்பவும் ஒரே ஆள்தான் பேசுகிறார்.' இரண்டு சீட்டு வெற்று.

இவற்றை எப்படி எழுதி வைப்பது என்று பேசும்போது, அதுவரை அதிகம் பேசாத தோட்டத்து மாணவி சொன்னார்: "சார், எங்கம்மா மகளிர் குழுவுல தீர்மான நோட்டு வெச்சிருக்காங்க. என்ன பேசுனாங்களோ அதை அன்னிக்கே எழுதி, படிச்சுக் காட்டி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எந்திரிப்பாங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. 1989-ல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து தமிழ்நாட்டின் சுயஉதவிக் குழுக்கள் இதைத்தான் செய்கின்றன. வாரம் எந்த நாள் கூடுவது, எவ்வளவு சேமிப்பு, யாருக்குக் கடன், தவணை தவறினால் என்ன என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இடம் உண்டு. அந்த நோட்டில் 'பரஸ்பர மரியாதை' என்று யாரும் எழுதுவதில்லை. அடுத்த கூட்டம் எந்தக் கிழமை என்று எழுதுகிறார்கள். நான் ஆங்கிலப் படிவம் தேடிப் போயிருந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். மூன்று விஷயங்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்று, தமிழில், பேசுகிற மாதிரியே எழுத வேண்டும். எந்த மொழியில் சண்டை போட்டார்களோ அந்த மொழியில் எழுதினால்தான் யாரும் அர்த்தம் மாற்ற முடியாது. இரண்டு, நடந்ததா இல்லையா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய வரிகள் மட்டும். மூன்று, என் கையெழுத்து இருக்காது. முதல் தடவை நான் கையெழுத்துப் போட்டதால் அது எனக்குச் சமர்ப்பித்த இன்னொரு அசைன்மென்ட் ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் எழுதியதில் சில: நால்வரும் இருக்கும் நேரத்தில்தான் முடிவு, அதாவது 4:10-லிருந்து 4:35-க்குள் ('4:40 பஸ்' என்று ஓரத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்கள்). இரவில் வேலை செய்யலாம். ஆனால் பின், வயர், புரோகிராமில் சேர்க்கும் நூலகக் கோப்பு (லைப்ரரி) மூன்றில் எதை மாற்றினாலும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் உள்ள பின் அட்டவணையில் பழையது, புதியது, காரணம் மூன்றையும் எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். செலவு 200 ரூபாய்க்கு மேல் போனால் முதலில் கேட்க வேண்டும்; மாதக் கடைசியில் நான்காகப் பிரிக்க வேண்டும். செய்தி அனுப்பி 24 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் கோபப்படுவதற்கு முன் வீட்டு எண்ணுக்கு ஒரு போன். ரிவ்யூவில் அவரவர் செய்யாத பகுதியை அவரவர் விளக்க வேண்டும். யாராவது வெளியூர் போனால், போவதற்கு முன் தன் வேலையை இன்னொருவர் செய்துகாட்டும் அளவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வேலை நடக்கவில்லையென்றால் முதலில் அவரிடமே, பிறகு நால்வராக, அப்புறம்தான் கைடிடம்.

கூட்டத்துக்கு வராவிட்டால் 50 ரூபாய் அபராதம் என்றும் ஒரு வரி. எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் உறுதியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

தலைவர் என்ற இடத்தை எடுத்துவிட்டார்கள். சர்க்யூட்டில் கருத்து வேறுபாடு வந்தால் சர்க்யூட் பார்ப்பவர் சொல்வது, புரோகிராமில் கோடு எழுதுபவர் சொல்வது, தோட்டத்தில் என்ன வைக்கலாம் என்பதில் தோட்டத்து மாணவி சொல்வது என்று பிரித்துக்கொண்டார்கள். இந்த யோசனை என்னுடையது இல்லை. நல்ல யோசனை.

பின்னர் நடந்தது

தள்ளிவைத்த ரிவ்யூவில் கோடு எழுதிய மாணவி ரிலேயைப் பற்றிப் பேசினார், சர்க்யூட் மாணவர் புரோகிராமைப் பற்றித் தடுமாறிப் பேசினார். தடுமாறியதற்கு மதிப்பெண் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அடுத்த வாரம் அவர் கோடு படிக்க உட்கார்ந்தார்.

அபராதம் முதலில் தோற்றது. நவம்பரில் ஆப் மாணவர் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டம் தொடங்கும் முன்பே ஜிபேயில் 50 ரூபாய் அனுப்பிவிட்டு, 'இன்னிக்கு வரல, காசு போட்டுட்டேன்' என்று செய்தி போட்டார். அவரைப் பொறுத்தவரை கணக்கு முடிந்துவிட்டது. இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைக் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டபோது தாமதம் கூடியது என்று 2000-ல் வந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அபராதம் விலையாகிவிடுகிறது. வகுப்பில் நானே சொல்லும் உதாரணம், என் கண் முன்னே நடந்தது. 'அபராதம் ரத்து' என்று நவம்பர் கடைசியில் ஒரு தீர்மானம் எழுதினார்கள். வராதவர் மறுநாள் காலை கூட்டக் குறிப்பைத் தன் கையால் நோட்டில் பிரதி எடுக்க வேண்டும் என்று மாற்றினார்கள். இது வேலை செய்தது.

அடுத்த சோதனை டிசம்பரில். செமஸ்டர் விடுமுறைக்கு சர்க்யூட் மாணவர் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள தன் ஊருக்குப் போனார். 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். வெள்ளத்தில் பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. அவர் வாங்கி அனுப்ப வேண்டிய பொருளுக்காகக் காத்திருந்த ஆப் மாணவர், பதில் வரவில்லை என்று எரிச்சலில் ஏதோ எழுத ஆரம்பித்ததாகவும், தோட்டத்து மாணவி 'முதல்ல வீட்டுக்குப் போன் போடு, நோட்டுல இருக்கு' என்றதாகவும் பின்னர் சொன்னார்கள். வீட்டு எண்ணும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் யாரோ டிவியைப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் அவர் திருநெல்வேலியில் ஓர் உறவினர் வீட்டிலிருந்து பேசினார். அதற்குள் பொருளை மற்றவர்கள் வாங்கிவிட்டிருந்தார்கள். ஊரிலிருந்து திரும்பியதும் அவரிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை; அந்த மாதச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் நோட்டில் தீர்மானம் எதுவும் இல்லை.

ஜனவரியில் ஆப் மாணவர் சென்னை போனார். பொங்கலுக்கு முன் கோடு எழுதிய மாணவிக்கு ஆப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனார்; அந்த வரியை ஒழுங்காகவே நிறைவேற்றினார். ஆனால் பிப்ரவரியில் அவருக்கு ஒதுக்கிய அறிக்கையின் இரண்டு அத்தியாயங்கள் வரவில்லை. குழு முதலில் அவரிடம் பேசியது. பிறகு ஞாயிறு இரவு கூகுள் மீட்டில் நால்வராகப் பேசினார்கள். மூன்றாவதாக என்னிடம் வந்தார்கள், நோட்டைக் கையில் பிடித்தபடி. தேதிகள் எல்லாம் இருந்ததால் நான் யாருடைய பேச்சையும் நம்பவோ சந்தேகப்படவோ வேண்டியிருக்கவில்லை. அறிக்கையில் யார் எந்தப் பகுதியைச் செய்தார் என்று ஒரு பக்கம் சேர்த்தோம். அக மதிப்பெண்ணில் அவருக்குக் குறைந்தது.

முடிவு

ஏப்ரல் தொடக்கத்தில் கருவி கத்தரித் தோட்டத்தில் பதினோரு நாள் ஓடியது. ஒருமுறை எறும்பு ரிலே பெட்டிக்குள் புகுந்ததைத் தவிர நிற்கவில்லை. தோட்டக்காரருக்கு அதன் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. தினமும் விரலால் மண்ணைத் தோண்டிப் பார்த்த பிறகுதான் மொபைலைப் பார்ப்பார். வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பரிசு எதுவும் இல்லை.

ஆப் மாணவர் வைவா அன்று வந்தார், தன் பகுதியைப் பேசினார், குழுப் புகைப்படத்துக்கு நிற்காமல் போய்விட்டார். மற்ற மூவரும் இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உடன்படிக்கை அவர்களை நண்பர்களாக்கவில்லை. ஆனால் பிப்ரவரிப் பிரச்சினையில், அக்டோபரில் கேட்ட மாதிரி ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியவை

முதல் வாரத்தில் எழுதச் சொன்னது என் தவறு. குழுக்கள் கூடும் கட்டத்தைத் தாண்டித்தான் மோதும் கட்டத்துக்கு வருகின்றன என்று அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-லேயே எழுதினார். பாடமாக நடத்தியும் இருக்கிறேன். ஒருவரை ஒருவர் தெரியாதபோது எல்லாரும் நல்லவர்கள், நல்ல வார்த்தைகள்தான் வரும். இப்போது இரண்டு வாரம் ஏதாவது ஒரு சின்ன வேலையைச் சேர்ந்து செய்யவிட்டு, அதில் உரசல் வந்த பிறகு எழுதச் சொல்கிறேன்.

பின் அட்டவணை போன்ற தொழில்நுட்ப ஒப்பந்தத்தை வேறு, மனித ஒப்பந்தத்தை வேறு என்று நான் பிரித்து வைத்திருந்தேன். இந்தக் குழு உடைந்தது இரண்டும் சேரும் இடத்தில். இரண்டும் ஒரே நோட்டில் இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை உடன்படிக்கையால் சரிசெய்ய முடியாது. பெண்கள் விடுதி 6:30-க்கு மூடுவதும் ஆண்கள் விடுதி 9-க்கு மூடுவதும் நான்கு மாணவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்க்கும் பிரச்சினை இல்லை. காலை 7:30 முதல் லேபைத் திறந்து வைக்கத் துறையில் கேட்டேன். ரிவ்யூ வாரங்களில் மட்டும் கிடைத்தது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு எனக்கு மூன்று குழுக்கள். இரண்டு வாரம் கழித்து நோட்டுப் போடச் சொன்னேன். ஒரு குழு மறுநாளே முடித்துக் கொண்டுவந்தது. சீனியர்களிடம் நோட்டின் போட்டோவை வாங்கியிருக்கிறார்கள். வரிக்கு வரி அதேதான், ஓரத்தில் அடிக்கோடிட்ட '4:40 பஸ்' உட்பட. அந்தக் குழுவில் நான்கு பேருமே விடுதி மாணவர்கள்.